எட்டாவது வருசச் சுண்ணாம்பு

அந்த அலுமினியக் கம்ப மடக்கிப் பையில வச்சிருங்க சார். இது வழுக்குப் பாறையாக்கும். கம்ப ஊணுனா கம்பு ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவிய. கை சும்மா இருக்க ஒரு மாதிரி இருக்குன்னா இந்தா, இந்த டின்னப் பிடியுங்க. பிடிச்சாச்சா? கொள்ளாம். ஒண்ணுமில்ல, சுண்ணாம்பு. மேல வரைக்கும்தான். நீங்க எப்படியும் மேலதான போறிய?

பைய கேறுங்க. டீக்கடையில நின்னு முண்டன்பொத்தைக்கு வழி கேட்டியள்லா, அப்பவே நினைச்சேன், டின்னு தூக்க ஆண்டவனே ஆள் அனுப்பியிருக்கான்னு. கடைக்காரன் ஒங்க காதுல என்னமோ சொன்னானே, என்ன? "அவரு கூடப் போங்க, ஆனா வாய மூட மாட்டாரு"ன்னா? எனக்குக் கேட்டுது. காதுக்கு ஒரு குறையும் இல்ல. முட்டுதான் போச்சு.

கோயம்புத்தூரா? அவ்வளவு தூரத்துல இருந்தா? இந்தப் பொத்தைக்கா? பொத்தைன்னா எங்க பக்கம் குன்று. மொட்டப்பாறையும் கள்ளிமுள்ளும் கடல்காத்தும். இதுக்குப் போயி ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கிய. போன்ல போட்டிருக்கானா? "யாரும் அறியாத மலை"ன்னா? நல்லா எழுதுனான் போங்க. கடலுக்குள்ள எட்டு மைல் தள்ளிக் கிடக்கவனுக்குக்கூட இந்தப் பொத்தையத் தெரியும். கார்ல வந்து இறங்குறவனுக்குத் தெரியல, அதனால இது யாரும் அறியாத மலை. அவனத் தப்பு சொல்ல எனக்கு வாயில்ல. எட்டு வருசத்துக்கு முந்தி நானும் இதே வார்த்தைய நோட்டீசு அடிச்சுக் குடுத்தவன்தான். அதச் சொல்லுதேன். இந்த எடத்துல குனிஞ்சு வாங்க, முள்ளு.

எனக்க பேரு தாணுலிங்கம். ரிட்டயர்டு சர்வேயர். முப்பத்திரண்டு வருசம் சங்கிலி பிடிச்சு அளந்தவனாக்கும். இந்தத் தாலுகாவுல அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாம இருக்கான்னா, நடுவுல ஓடுற வரப்பு நான் போட்டதா இருக்கும். ஒரு இஞ்ச் தப்பு வந்ததில்ல. ரிட்டயர் ஆன பிறவு வீட்டுல இருந்தேன். எனக்க வீட்டுக்காரி சொர்ணம் ஒரு மாசம் பொறுத்தா. அடுக்களை மேடை கால் இஞ்ச் சாஞ்சிருக்குன்னு மட்டம் வச்சுக் காட்டுனேன். அடுத்த நாள் காலையில செருப்ப எடுத்துக் கையில தந்து, "போயி எங்கயாவது நடந்துட்டு வாங்க"ன்னுட்டா.

அப்படித்தான் காலைநடை நண்பர்கள் மன்றம் உண்டாச்சு. எங்க டவுன்ல நடக்கவன் பன்னிரண்டு பேரு. எல்லாவனுக்கும் சுகர். தலைவரு ஒரு வக்கீல், பேரு ஜெபராஜ். செயலாளர் நான். மன்றம்னு வந்தா எதாவது சாதிக்கணும்லா? ஜெபராஜ் சொன்னாரு, நம்ம கடற்கரை ஓரத்துல யாரும் கண்டுக்காத ஒரு குன்றக் கண்டுபிடிச்சு உலகத்துக்குக் காட்டணும்னு. கண்டுபிடிச்சோம். அடிவாரத்துல முந்நூறு வீடும் ஒரு மாதா கோயிலும் இருந்தத நாங்க பாக்கல. பன்னிரண்டு பேரும் மேல பாத்துக்கிட்டே வந்துட்டோம்.

நில்லுங்க, மூச்சு வாங்கிக்கிடுங்க. எனக்கு இல்ல, ஒங்களுக்காவ சொன்னேன்.

மேல ஏறிப் பாத்தா ஒரு பாறை. ஆள் உயரத்துக்கு மேல ஒரு முழம் இருக்கும். பழைய சுண்ணாம்பு அடிச்சு வெள்ளையா நிக்குது. மன்றத்துக்காரனுவ எல்லாம் அதத் தொட்டு போட்டோ எடுத்துக்கிட்டானுவ, உச்சி உச்சின்னு. எனக்கு ஒரு சந்தேகம். கண்ணு அளவுலயே தெரியுது சார், அது உச்சி இல்ல. வடக்க நாப்பது அடியில இன்னொரு பாறை நிக்குது, அதுதான் ஒசரம். அடுத்த வாரம் மட்டம் பாக்குற கருவியச் சுமந்துட்டு வந்து அளந்தேன். ஒண்ணேகால் அடி ஒசரம். அப்பம் இந்த ஊர்க்காரன் என்ன செய்திருக்கான்? உச்சி எதுன்னு தெரியாம, தப்பான பாறைக்கு வெள்ளையடிச்சு, எத்தனை தலைமுறையா அதப் பாத்துக்கிட்டு இருக்கான்! எனக்கு ராத்திரி ஒறக்கம் வரல, கேட்டியளா. தப்பான கல்லு நட்டிருந்தா பிடுங்கி நடுறதுதான எனக்க வேலை?

திருத்துனோம். ஜூன் மாசம், ஒரு சனிக்கிழமை காலையில பன்னிரண்டு பேரும் கேறி, நான் அளந்து சொன்ன பாறைக்குப் பளீர்னு வெள்ளையடிச்சோம். பழைய பாறைய என்ன செய்ய? ரெண்டு வெள்ளை இருந்தா வாறவன் குழம்புவாம்லா? அதுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு, மேல "காலைநடை நண்பர்கள் மன்றம்"னு மஞ்சள்ல எழுதுனோம். அடியில சின்னதா எனக்க பேரு. சின்னதுன்னா ரொம்பச் சின்னது இல்ல.

ஊர்ல ஒருத்தன்கிட்டயும் கேக்கல. பாறைக்கு என்னத்துக்கு அனுமதி?

இந்தப் பக்கம் கால் வையுங்க. அது ஆடும். ஆங்.

இனிச் சொல்லுறதக் கவனமாக் கேளுங்க. கடலுக்குப் போறவனுக்குக் கணியம்னு ஒண்ணு உண்டு. கரையில உள்ள ரெண்டு அடையாளத்த ஒரே நேர்ல கொண்டு வந்து, தான் நிக்குற எடத்தக் கண்டுபிடிக்குறது. இந்த ஊருக்கு முன்ன கடலுக்கடியில ரெண்டு பெரிய பாறைக்கூட்டம் கிடக்கு, பார்னு சொல்லுவாவ. நடுவுல வள்ளம் நுழைய ஒரு சின்ன வாய். அந்த வாயத் தண்ணிக்கு மேல பாத்தாத் தெரியாது. அதுக்குத்தான் கணியம். மாதா கோயில் கோபுரத்துக்க தலைக்கு நேர மேல, பொத்தையில உள்ள வெள்ளப் பாறை வந்து நிக்கணும். நின்னா வள்ளத்த நேர விடலாம். போன்லயும் மிசின்லயும் எடம் பாக்கலாம், இல்லேங்கல. வலை போட தூரக்கடலுக்கு அது போதும். அலை அடிச்சு வள்ளம் குதிக்கையில, வீட்டு வாசல்ல வந்து எவன் போன நோண்டுவான்?

நான் டிப்ளமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட விசயம் சார் இது. ரெண்டு கம்ப நட்டு மூணாவது எடத்தக் கண்டுபிடிக்குறதுதான் எங்க தொழிலே. அதையே அவிய ஒரு பாறையையும் ஒரு கோபுரத்தையும் வச்சுச் செய்துட்டு இருக்காவ. இத எங்கிட்ட ஒருத்தராவது சொன்னாவளா? நானும் கேக்கல. அது வேற விசயம்.

நாங்க வெள்ளையடிச்ச அந்தச் சனிக்கிழமை விடியும் முன்ன கடலுக்குப் போனவங்கள்ல சிலுவைதாசன்னு ஒருத்தன். அப்பம் நாப்பது வயசு இருக்கும். மதியத்துக்கு மேல மழை மூடிக்கிட்டு வந்துது. முதல் வள்ளம் அவனுது. மூட்டத்துக்குள்ள பொத்தையில ஒரே ஒரு வெள்ளப் புள்ளிதான் தெரிஞ்சிருக்கு. புதுச் சுண்ணாம்புல்லா, நல்லாவே தெரிஞ்சிருக்கும். அதக் கோபுரத்துக்கு நேராப் பிடிச்சு விட்டுட்டான்.

மேல நாப்பது அடி வடக்க தள்ளுனா, கீழ கடல்ல முப்பது அடி தெக்க தள்ளும். பிறவு வீட்டுல போயி கணக்குப் போட்டுப் பாத்தேன். சரியா முப்பது. தெக்க அந்தப் பாறைக்கூட்டமாக்கும் கிடக்கு.

வள்ளம் ரெண்டாப் பிளந்துட்டு. கூட இருந்தவன் நீந்திக் கேறிட்டான். சிலுவைதாசனுக்க வலது கை பாறைக்கும் பலகைக்கும் நடுவுல. அலை ஒருக்க அடிச்சா விடும்லா? மூணு தடவ அடிச்சிருக்கு. உசுரு தப்புனது மாதா புண்ணியம்னு சொன்னாவ. கை இன்னைக்கு வரை தோளுக்கு மேல தூக்க முடியாது.

அந்த நேரம் நாங்க என்ன செய்துட்டு இருந்தோம்னு கேக்க மாட்டியளா? அடிவாரத்துல பந்தல் போட்டுக் கேசரி தின்னுட்டு இருந்தோம். ஜெபராஜ் எனக்குப் பொன்னாடை போத்தி, "நூற்றாண்டுத் தவறைத் திருத்தியவர்"னு மைக்குல சொல்லுதாரு. கடற்கரையில ஆள் ஓடுறதப் பாத்து, நம்ம கூட்டத்துக்குத்தான் ஓடி வாறாவன்னு நினைச்சேன்.

வெள்ளம் குடிக்கியளா? குடியுங்க. எனக்கு வேண்டாம்.

மறுநாள் மன்றத்தக் காணல. மத்த பதினோரு பேருக்கும் திடீர்னு சுகர் கொறஞ்சு போச்சு, நடக்கண்டாம்னு ஆயிட்டு. வக்கீலு போன எடுக்கல. பெயிண்ட்ல பேரு யாருக்கது? எனக்கது. ஊர்க் கமிட்டி என்னையத்தான் கூப்பிட்டு விட்டுது. போலீசுக்குப் போணும்னு சிலரு சொன்னாவ. அடிக்கணும்னு சிலரு. நான் எழுந்து அளவு நோட்ட விரிச்சு, எனக்க அளவுல தப்பில்லன்னு விளக்கம் சொன்னேன். உள்ளத உள்ளபடி சொல்லணும்லா? ஒசரம் அதுதான! பின்னால நின்ன பொம்பளைய எல்லாம் ஒண்ணாச் சத்தம் போட்டாவ. என்ன சொன்னாவன்னு ஒங்ககிட்டச் சொல்ல முடியாது, நீங்க படிச்சவிய.

அப்பம் சிலுவைதாசன் கேட்டான். கையில கட்டுப் போட்டு பெஞ்சுல இருந்தான். "காசு வேண்டாம், கேசும் வேண்டாம். வருசா வருசம் மழைக்கு முந்தி இந்த ஆளு தன் தோள்ல சுண்ணாம்பு சுமந்து கேறி, பழைய பாறைக்கு வெள்ளையடிக்கட்டும். ஏழு வருசம். எந்தப் பாறைன்னு அப்பவாவது மனசுல நிக்கும்." அவ்வளவுதான். எனக்க முகத்தப் பாத்து சொல்லல, கமிட்டியப் பாத்து சொன்னான். அதுக்குப் பிறவு ஏழு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு கெசட் ஆபீசருக்கு அடுத்த படியில இருந்தவன் சார் நான். என்னையப் போயி சுண்ணாம்புச் சட்டி தூக்கச் சொன்னா? சரின்னேன். பெரிய மனுசத்தனமா நடந்துக்கிட்டேன். சொர்ணம் அதுக்கு வேற பேரு சொல்லுவா. "ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு கேட்டா ஒங்க நாக்கு தேய்ஞ்சா போயிரும்?"னு ஏழு வருசமாக் கேக்கா. கணக்கு தப்பாயிருந்தா கேக்கலாம். தப்பில்லாத கணக்குக்கு என்னன்னு கேக்க?

வடக்க நாங்க அடிச்ச வெள்ளைய ஊர்க்காரங்க அந்த வாரமே சுரண்டிட்டாவ. பழைய பாறைக்கு ஏழு வருசமும் நான் கேறுனேன். வருசத்துக்கு ஒரு தடவதான் தண்டனை. நான் மூணு நாலு தடவ வருவேன், சும்மா காத்து வாங்க. வாறது வாறோம்னு வெள்ளையடிக்க ஒரு மட்டையும் கொஞ்சம் சுண்ணாம்பும் கொண்டு வருவேன். மழை அங்கங்க அரிச்சிருக்கும்லா. சிப்பிச் சுண்ணாம்பாக்கும், கடைச் சுண்ணாம்பு இல்ல. அதுல கஞ்சித்தண்ணி ஊத்திக் கலக்கணும், அப்பம்தான் பாறையப் பிடிக்கும். அது நானே கண்டுபிடிச்சது. கஞ்சித்தண்ணி வேணும்னு சொர்ணத்துக்கிட்ட நான் சொல்லுறதில்ல. நான் கிளம்புற அன்னைக்கு அது எப்படியோ ஒரு பாத்திரத்துல வடிச்சு வாசல்ல இருக்கும்.

மேல அடிச்சு முடிச்சிட்டு உக்காந்து வள்ளம் கரை கேறுறதப் பாப்பேன். ஒவ்வொரு வள்ளமும் அந்த வாய்க்குள்ள நுழையும் வரை எனக்கு மூச்சு விட முடியாது. வயசாச்சுல்லா, கேறுன களைப்பு.

இப்பம் விசயத்துக்கு வாறேன். போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில இருந்து ஒரு கடுதாசி. இந்தா, சட்டைப்பையிலதான் வச்சிருக்கேன், படியுங்க. "தங்களது ஏழு ஆண்டுப் பணி நிறைவுற்றது. இனித் தாங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. ஊரார் தங்களை மன்னித்துவிட்டனர்." பாத்தியளா அக்கிரமத்த! மன்னிச்சுட்டாவளாம். யாரு சார் கேட்டா? நான் கேட்டனா? ஏழு வருசம் முட்டு தேய ஒரு மனுசன் கேறியிருக்கான். ஒரு நாள் காயிதத்துல எழுதி, போதும் வீட்டுல இருன்னா என்ன மரியாதை? நான் இல்லாம எவன் அடிப்பான்? எவனுக்குக் கஞ்சித்தண்ணி கணக்கு தெரியும்? அடுத்த வருசம் சோலார் லைட்டு வைக்கப் போறாவளாம். வைக்கட்டும். பல்பு போனா தெரியும்.

அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. வெப்ராளமா வந்துது. சொர்ணம் பாத்தா. இன்னைக்கு விடிஞ்சு எந்திரிச்சா, வாசல்ல பாத்திரம் இருக்கு.

அதான் வந்தேன். எட்டாவது வருசம். கமிட்டி சொல்லாமலே. கமிட்டிக்காரன் எவனயாவது ஏவி விடுறதுக்கு முந்தி நான் அடிச்சிருவேன். வழியில எவனாவது மறிச்சா நீங்கதான் என்னைய வழி காட்டக் கூட்டிட்டு வந்தியன்னு சொல்லணும். சொல்லுவியள்லா? நல்ல மனுசன். இன்னும் அம்பது அடிதான். டின்ன ஆட்டாதீங்க, சிந்தும்.

இந்தா வந்தாச்சு. காத்தப் பாத்தியளா? கடல் அங்க. கோபுரம் அங்க. அந்தா வடக்க நிக்குது பாருங்க, அதுதான் உண்மையான உச்சி, ஒண்ணேகால் அடி கூட. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன். நம்ம பாறை இந்தப் பக்கம்.

நில்லுங்க.

யாரு சார் இது? யாரு இந்த வேலை பாத்தது?

வெள்ளையா இருக்கே. புதுசா அடிச்சிருக்கே. தொட்டுப் பாருங்க, கையில ஒட்டுது. நேத்து சாயங்காலம் அடிச்சதா இருக்கும். கஞ்சித்தண்ணி சேக்கல பாத்தியளா? சேத்திருந்தா ஒட்டுமா? எனக்க பாறைய யாரு கேட்டு அடிச்சான்? ஏழு வருசம் நான் பாத்த வேலையில எவனுக்கு வந்து கை வைக்கத் தைரியம்?

இருங்க. இந்த இழுப்பப் பாருங்க. எல்லாம் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சரிஞ்சு எறங்குது. நம்ம அடிச்சா மறுபக்கம்லா சரியும். இது இடது கைக்காரன் அடிச்சது. இந்த ஊர்ல இடது கைக்காரன்...

பிறவியில இல்ல. அவனுக்கு அது எட்டு வருசமாத்தான்.

இந்த வழுக்குப் பாறையில அவன் எப்படி டின்னத் தூக்கிட்டு வந்தான்? நாம ரெண்டு பேரு, நாலு கையி, இந்தப் பாடு படுதோம். அவன் எப்படி வந்தான் சார்?

மேல பாருங்க. உச்சாணியில ஒரு முழம் விட்டுட்டான். அங்க எட்டணும்னா ஒரு கையால பாறையப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு மறுகையால அடிக்கணும். அதுக்கு ரெண்டு கை வேணும்லா. அத யாருக்கு விட்டிருக்கான்? யாரு வருவான்னு விட்டிருக்கான்? கடுதாசி போட்ட பிறவும் இந்தக் கிழவன் வருவான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒண்ணுமில்ல. சுண்ணாம்பு கண்ணுல பட்டுட்டு.

செத்த நேரம் பேசாம இருங்க. அந்தா ஒரு வள்ளம் வருது பாருங்க, நீலம் அடிச்சது. பின்னால ஒருத்தன் இருந்து இடது கையால எஞ்சினப் பிடிச்சிருக்கான் தெரியுதா? அவன்தான். பாக்கான். கோபுரத்தப் பாக்கான், பாறையப் பாக்கான். இப்பம் திருப்புவான். பேசாதீங்க.

ம். உள்ள வந்துட்டான்.

தப்பு என்னுதுதான் சார். ஒரு வார்த்தை ஊருக்குள்ள போயி, இந்தப் பாறை என்னத்துக்கு வெள்ளையா இருக்குன்னு கேட்டிருக்கணும். அஞ்சு நிமிசம் ஆயிருக்காது. ஒரு மனுசனுக்க கை போச்சு. ஒங்ககிட்டச் சொல்லிப் பாக்குதேன், வாய்க்கு வருதான்னு. வருது. எறங்குற வழியில கடற்கரைக்குப் போவோம். நீங்க பின்னாலேயே நில்லுங்க. நான் பேச்ச மாத்தி ஒசரம் அளவுன்னு ஆரம்பிச்சா சட்டையப் பிடிச்சு இழுங்க.

மட்டைய எடுங்க. எனக்க இடுப்ப இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க, நான் கேறி அந்த ஒரு முழத்த அடிச்சிருதேன். கீழ உள்ளத ஒண்ணும் தொடாண்டாம். ஒட்டுனா ஒட்டட்டும். அது அவனுக்க பங்கு. அடுத்த வருசமும் நான் மேல உள்ளதத்தான் அடிப்பேன்.